சின்ன போக்கர் டோர்னமென்ட் எந்த சைட்டுல ஈஸி? கம்பேர் பண்றப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாசம் ஈஸ்ட் ஹாம்ல ஒரு ஃப்ரெண்ட் வீட்டுக்கு சாப்பிட போயிருந்தேன். அவனோட தம்பி மாஸ்டர்ஸ் படிக்க லண்டன் வந்து எட்டு மாசம் ஆகுது. நான் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள லேப்டாப்ப தூக்கிட்டு வந்துட்டான். எக்செல்ல மூணு போக்கர் சைட்டு, ஒவ்வொண்ணுக்கும் நேரா ஆர்ஓஐ (கட்டின காசுக்கு எத்தனை சதவீதம் லாபம்னு காட்டுறது), லாபம்னா பச்சை, நஷ்டம்னா சிவப்பு. "அண்ணா, இந்த பச்சை சைட்டு தான் செம சாஃப்ட், ஆளுங்க சுமாரா தான் ஆடுறாங்க. மத்த ரெண்டுல இருக்குற காச எல்லாம் எடுத்து இதுல போடப் போறேன்"னு சொன்னான். இதுல எத்தனை டோர்னமென்ட் ஆடினன்னு கேட்டேன். 64னு சொன்னான்.

அதே ஷீட்ட, அதே கலரோட, நானும் ஒரு காலத்துல போட்டு வச்சிருந்தேன். அதனால தான் இதை எழுதுறேன். ஸ்டார்ட்டிங் ஹேண்ட் தெரியாம ஆடுறது, கோவத்துல ஆடுறது மாதிரி விஷயம் எல்லாம் எங்க வேணா படிச்சுக்கலாம், அதுக்குள்ள நான் போகல. 1 டாலர்ல இருந்து 10 டாலர் வரைக்கும் இருக்குற டோர்னமென்ட்ல எந்த சைட்டு கஷ்டம், எது சுலபம்னு முடிவு பண்றப்ப நடக்குற தப்பு மட்டும் தான் இங்க.

ஒரே பை-இன்னா ஒரே டோர்னமென்ட்னு நினைக்கிறது

ரெண்டு சைட்டுலயும் பை-இன், அதாவது உள்ள நுழைய கட்டுற காசு, 5.50 டாலர் தான். ஆனா ஒண்ணுல பிளைண்ட் (கார்டு பார்க்குறதுக்கு முன்னாடியே போட வேண்டிய கட்டாய பந்தயம்) 15 நிமிஷத்துக்கு ஒருக்கா ஏறுது, இன்னொண்ணுல 5 நிமிஷத்துக்கு ஒருக்கா. ரெண்டுலயும் 100 பிக் பிளைண்டோட (ரெண்டு பிளைண்ட்ல பெரியது) தான் ஆரம்பிக்கிறோம்னு வச்சுக்கோங்க, ஒரு மணி நேரம் கழிச்சு ஒண்ணுல 4 லெவல் ஏறியிருக்கும், மத்ததுல 12. முதல்ல சொன்னதுல ஃப்ளாப்புக்கு (நடுவுல முதல்ல திறக்குற மூணு கார்டு) அப்புறம் எப்படி ஆடணும்னு தெரியணும், ரெண்டாவதுல 10 பிக் பிளைண்ட் வச்சுக்கிட்டு எதை ஷவ் பண்றது (மொத்தத்தையும் போடுறது) எதை ஃபோல்ட் பண்றதுன்னு (கார்ட விட்டுடுறது) தெரிஞ்சா முக்கால்வாசி வேலை முடிஞ்சது. ஒருத்தருக்கு கஷ்டமா இருக்குறது இன்னொருத்தருக்கு சுலபமா இருக்கும், இதுல சைட்ட குறை சொல்ல ஒண்ணும் இல்ல.

பவுண்டி (ஒருத்தர அவுட் பண்ணா அதுக்கு தனி பரிசு) டோர்னமென்ட்ல இது இன்னும் ஏமாத்தும். அதுல ஒரு வகையான ப்ரோக்ரெஸிவ் நாக்அவுட்ல பொதுவா பரிசுப் பணத்துல பாதி, ஒவ்வொரு ஆளோட தலை மேலயும் பிரிச்சு இருக்கும், ஒருத்தர அவுட் பண்ணா அவர் தலைல இருக்குறதுல பாதி உங்க கைக்கு, மீதி பாதி உங்க தலை மேல ஏறும். அதனால நல்லா ஆடுறவங்களே அங்க கொஞ்சம் லூஸா கால் பண்ணுவாங்க (சுமாரான கார்டுக்கும் எதிராளி போட்டதுக்கு சமமா போடுவாங்க), அப்படி பண்றது தான் சரி. புதுசா வர்றவங்க அதை பார்த்துட்டு "இங்க எல்லாரும் கண்ணை மூடிட்டு கால் பண்றாங்க, சாஃப்ட் சைட்டு"ன்னு எழுதி வச்சுக்கிறாங்க. நாக்அவுட்ட நாக்அவுட்டோட மட்டும் ஒப்பிடுங்க.

ரிசல்ட்ட வச்சு சைட்டுக்கு மார்க் போடுறது

எனக்கு இன்னைக்கும் ஆறாத தப்பு இது தான்.

ஒரு சைட்டுல 180 பேர் உட்கார்ற டோர்னமென்ட் 600 ஆடி 6 சதவீதம் லாபத்துல இருந்தேன். இன்னொரு சைட்டுல 3.30 டாலர்ல 140 ஆடி 22 சதவீதம். பார்த்த உடனே முடிவு பண்ணிட்டேன், ரெண்டாவது சைட்டுல ஆளுங்களுக்கு ஆடவே தெரியல, நான் இவ்வளவு நாளா தப்பான இடத்துல உட்கார்ந்திருக்கேன்னு. மொத்த பேங்க்ரோல் 1,100 டாலரையும் அங்க மாத்தினேன், பை-இன்னையும் 5.50க்கு ஏத்தினேன். ஏழு மாசத்துல சுமார் 620 டோர்னமென்ட் ஆடி முடிச்சப்ப கைல 380 டாலர் இருந்துச்சு.

அதுக்கப்புறம் தான் அந்த 140ஐ ஒழுங்கா பிரிச்சு பார்த்தேன். கட்டினது 462 டாலர், வந்தது 563. அந்த 563ல 243 டாலர் ஒரே ராத்திரில வந்தது, 900 பேர்ல மூணாவது இடம். 14 பேர் மிச்சம் இருக்குறப்ப கைல ரெண்டு ஆறு வச்சுக்கிட்டு ஆல்-இன் போனேன், எதிர்ல கால் பண்ணவர்கிட்ட ரெண்டு கிங். ஃப்ளாப்ல ஒண்ணும் இல்ல, டர்ன்ல (நாலாவது கார்டு) ஒண்ணும் இல்ல, ரிவர்ல (கடைசி கார்டு) ஆறு விழுந்துச்சு. அந்த கார்டு வராம இருந்திருந்தா எனக்கு சின்ன பரிசு தான். அந்த 243ஐ எடுத்துட்டு கணக்கு போட்டா 22 சதவீத லாபம் 31 சதவீத நஷ்டமா மாறுது. ஒரு ரிவர் கார்டு விழுந்தத பார்த்து ஒரு சைட்டு முழுக்க சாஃப்ட்னு முடிவு பண்ணி அங்க குடியேறியிருக்கேன், நினைக்கிறப்ப எல்லாம் எரிச்சல் வருது.

ஏன் இப்படி ஆகுதுன்னா, 9 பேர் ஆடுற சிட் அண்ட் கோவுல (சீட் நிரம்பின உடனே ஆரம்பிக்கிற டோர்னமென்ட்) முதல் மூணு பேருக்கு 50, 30, 20 சதவீதம் பிரிச்சு குடுத்தா, 100 கேம் ஆடினப்புறம் அதிர்ஷ்டம் மட்டுமே உங்க ஆர்ஓஐய 15 சதவீதம் மேலயோ கீழயோ தள்ளுறது சாதாரணம். 1,000 பேர் ஆடுறதுல முதல் பரிசு 18 சதவீதம்னு வச்சுக்கோங்க, அதாவது 180 பை-இன். அங்க அதே 100 கேம்ல அந்த தள்ளு 80 சதவீதம் கிட்ட வருது. 400 ஆடினா கூட 40 தான். ரெண்டு சைட்டுக்கும் நடுவுல நிஜமா 10 சதவீத வித்தியாசம் இருக்குன்னா அதை ரிசல்ட்ட வச்சு கண்டுபிடிக்க ஒவ்வொரு சைட்டுலயும் 12,000, 13,000 ஆடினாலும் சந்தேகம் போகாது. தினமும் பத்து ஆடினா ஒரு சைட்டுக்கே மூணரை வருஷம், அதுக்குள்ள அந்த சைட்டுல ஆளுங்களே மாறியிருப்பாங்க.

காச விட்டது ஒரு பக்கம். "சாஃப்ட் சைட்டு"ன்னு மனசுல பதிஞ்சதால நான் ஆடுற விதமே மாறிடுச்சு, அது தான் பெரிய அடி. எதிர்ல இருக்குறவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சு ஏஸ்-ஒன்பதையும் கிங்-பத்தையும் வச்சுக்கிட்டு பெரிய ரெய்ஸுக்கு கால் பண்ணேன், பபிள்ல (பரிசுக்குள்ள வர இன்னும் ஒண்ணு ரெண்டு பேர் தான் அவுட் ஆகணும்ங்கிற கட்டம்) கூட. அவங்க ஒண்ணும் தெரியாதவங்க இல்ல, முக்கால்வாசி பேர் தினமும் அங்கயே உட்கார்ந்திருக்குற ரெகுலர்ஸ். பேரை கவனிச்சிருந்தா ஒரே வாரத்துல தெரிஞ்சிருக்கும், நான் ஷீட்ட மட்டும் பார்த்துட்டு இருந்தேன்.

இப்ப நான் ஆளுங்க என்ன பண்றாங்கன்றத எண்ணுறேன். ஒரு டோர்னமென்ட் முடிஞ்சா உங்களுக்கு கிடைக்கிறது ஒரே ஒரு ரிசல்ட். ஆனா 8 பேர் இருக்குற டேபிள்ல 50 ஹேண்ட் பார்த்தா 400 முடிவு கண்ணு முன்னாடி நடக்குது. பக்கத்துல ஒரு பேப்பர் வச்சுக்கோங்க. ரெய்ஸ் பண்ணாம சும்மா பிளைண்ட்ட மட்டும் போட்டு லிம்ப் பண்ணி உள்ள வர்றது எத்தனை, ஃப்ளாப்ப நாலு பேரோ அதுக்கு மேலயோ பார்க்குறது எத்தனை, 12 பிக் பிளைண்டுக்கு கீழ போனவர் ஷவ் பண்றாரா, இல்ல கால் பண்ணிட்டு ஃப்ளாப்ல ஃபோல்ட் பண்றாரா. பபிள் கிட்ட வர்றப்ப பெரிய ஸ்டாக் (நிறைய சிப்ஸ்) வச்சிருக்குறவர் மத்தவங்கள நெருக்குறாரா, இல்ல பேசாம உட்கார்ந்திருக்காரான்றதையும் பாருங்க. ஒரு சைட்டுல நாலஞ்சு டோர்னமென்ட்ல இப்படி எண்ணினாலே படம் தெளிவா தெரிய ஆரம்பிக்கும், இதுக்கு ஆடக்கூட வேணாம், டேபிள திறந்து வச்சு பார்த்துட்டு இருந்தாலே போதும்.

அந்த தம்பிய அன்னைக்கே உட்கார வச்சு எண்ண சொன்னேன். பச்சை போட்ட சைட்டுல 50 ஹேண்டுக்கு 4 லிம்ப். சிவப்பு போட்டதுல 19, அதாவது சுமாரா ஆடுறவங்க அதிகம் தெரிஞ்சது அங்க தான். ஒரு ராத்திரி கணக்கு தான், அதனால மறுபடியும் மூணு நாள் எண்ண சொல்லியிருக்கேன், காசு இப்போதைக்கு இருக்குற இடத்துலயே இருக்கு.

பேரு ஒண்ணுன்னா ஆளுங்களும் ஒண்ணுன்னு நினைக்கிறது

ஒரே கம்பெனி பேர்ல இருந்தாலும் நாட்டுக்கு நாடு ஆளுங்க வேற. கனடால ஒன்டாரியோ 2022 ஏப்ரல் 4ல இருந்து தனி மார்க்கெட், அங்க லைசென்ஸ் வாங்கின சைட்டுல அந்த மாகாணத்துல இருக்குறவங்க அவங்களுக்குள்ள ஆடுற மாதிரி தான் ஆரம்பிச்சாங்க. பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல் மூணும் ஒப்பந்தம் போட்டு ஆளுங்கள பகிர்ந்துக்குறாங்க. டொராண்டோல இருக்குற மச்சான் "இந்த சைட்டு ரொம்ப லூஸு"ன்னு சொன்னத நம்பி லண்டன்ல அதே பேர்ல அக்கவுண்ட் திறந்தா நீங்க உட்கார்றது முழுக்க வேற கூட்டத்தோட.

ஞாயிறு சாயங்காலத்தையும் செவ்வாய் மதியத்தையும் ஒண்ணா வைக்கிறது

ஒரே கிழமை, ஒரே நேரம். இல்லன்னா கம்பேர் பண்ணாதீங்க.

ஒரு சைட்டோட ஹட் நம்பர இன்னொரு சைட்டுல தேடுறது

ஹட்னா எதிராளி எத்தனை ஹேண்ட் ஆடுறார்னு டேபிள்லயே நம்பரா காட்டுற சாஃப்ட்வேர். போக்கர்ஸ்டார்ஸ் சில கட்டுப்பாடோட அனுமதிக்குது, பார்ட்டிபோக்கர் 2019 ஜூன்ல தடை பண்ணாங்க, ஜிஜிபோக்கர்ல வெளி ஹட் போட முடியாது, அவங்களே உள்ள குடுக்குறது தான். ஹட் இருக்குற இடத்துல ரெகுலர்ஸுக்கு உங்களைப் பத்தி நிறைய தெரியும், அதனால உங்களோட அதே ஆட்டம் அங்க கஷ்டமா தோணும். ஹட் இல்லாத இடத்துல பேப்பரும் பேனாவும் தான்.

விபிஎன் போட்டு "சாஃப்ட்" நாட்டு சைட்டுல நுழையறது

பண்ணாதீங்க. மாட்டினா அக்கவுண்டும் போகும், உள்ள இருக்குற காசும் போகும். இந்தியால இருந்து படிக்கிறவங்களுக்கு தனியா சொல்றேன், 2025 ஆகஸ்ட்ல பார்லிமென்ட்ல நிறைவேறின சட்டம் காசு வச்சு ஆடுற ஆன்லைன் கேம் எல்லாத்தையும் தடை பண்ணுது, போக்கரும் அதுக்குள்ள வருது.

ரேக்க சேர்க்காம விடுறது

1.10 டாலர் டோர்னமென்ட்ல 10 சென்ட் சைட்டுக்கு, அது தான் ரேக். நீங்க கட்டுறதுல 9 சதவீதம், சின்ன பை-இன்ல இது பெரிய பாரம். ரெண்டு சைட்டுல ஆளுங்க ஒரே தரம்னா ரேக் கம்மியா இருக்குறது தான் சுலபம், அவ்வளவு தான்.

இதுக்கு நேர் எதிரா ஓவர்லேன்னு ஒண்ணு இருக்கு, அதை முக்கால்வாசி பேர் பார்க்குறதே இல்ல. அதே 1.10 டோர்னமென்ட்டுக்கு 200 டாலர் கேரண்டி (எத்தனை பேர் வந்தாலும் குடுக்குறதா சைட்டு சொன்ன பரிசுப் பணம்), ஆனா 150 பேர் தான் வந்தாங்கன்னு வைங்க. ஆடுறவங்க மொத்தமா கட்டினது 165, பரிசா வெளிய போறது 200. ரேக் எல்லாம் கழிச்சும் 35 டாலர் சைட்டு கைக்காசு. ஆளுங்க கொஞ்சம் கஷ்டமா இருந்தாலும் இங்க உட்காரலாம். வார நாள்ல காலைல லாபிய திறந்து, லேட் ரெஜிஸ்ட்ரேஷன் (ஆட்டம் ஆரம்பிச்சப்புறமும் சேர விடுற நேரம்) முடிய பத்து நிமிஷம் இருக்குறப்ப எத்தனை பேர் வந்திருக்காங்கன்னு பாருங்க.