தருமபுரியில் ஒரு நாள்: கோயில் முதலில், களி அப்புறம்

குழந்தைகளோடு தருமபுரி போகிறீர்களா? பழைய தகடூர், அதியமான் ஆண்ட ஊர். காலையிலேயே கோட்டைக் கோயிலுக்குப் போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். அங்கே மல்லிகார்ச்சுனர் கோயிலில் தொங்கும் தூணைக் காட்டுங்கள். பக்கத்திலேயே காமாட்சி அம்மன் சன்னதி. அதன் அடித்தளத்தைச் சுற்றி ராமாயணக் காட்சிகளைச் சின்னச் சின்னச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். குழந்தைகளின் கண்மட்டத்துக்குக் கீழேதான் இருக்கும், கதை சொல்லிக்கொண்டே மெதுவாகச் சுற்றுங்கள். அவசரப்பட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

நேரமிருந்தால் அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலின் கூரை ஓவியங்களையும் பாருங்கள்.

மதியத்துக்கு பிரியாணி வேண்டாம், அது எங்கும் கிடைக்கும். ராகிக் களியும் கீரைக் கடைசலும் கேளுங்கள். அசைவம் என்றால் நாட்டுக்கோழிக் குழம்பு. களியை மெல்லாமல், குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குச் சிறு சிறு உருண்டையாகக் கொடுங்கள்.