பட்டிமன்றமாகிவிடாமல் பேசுவது: சமூக ஊடகம் குறித்த சிறு கலந்துரையாடலை வீட்டில் நடத்தும் முறை

நம் ஊரில் பத்துப் பேர் ஒரு பொருளைப் பற்றிப் பேசக் கூடினால், அந்தக் கூட்டம் யாரும் சொல்லாமலேயே இரண்டு வடிவங்களில் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. ஒன்று, தலைமை, முன்னிலை, வரவேற்புரை, சிறப்புரை, பொன்னாடை, நன்றியுரை என்று போகும் மேடைக் கூட்டம். மற்றொன்று, ‘சமூக ஊடகம் வரமா, சாபமா?’ என்று இரண்டு அணியாகப் பிரிந்து நடுவர் தீர்ப்போடு முடியும் பட்டிமன்றம். இரண்டும் கேட்பதற்கு நன்றாகவே இருக்கும். ஆனால் தன் கைப்பேசியில் தான் நாள்தோறும் என்ன செய்கிறோம் என்பதை ஒருவர் வாய்விட்டுச் சொல்வதற்கு இரண்டிலும் இடமில்லை. வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டைப் பக்கங்களில் அப்படிச் சொல்ல இடம் தரும் ஒரு சிறு கலந்துரையாடலைத் தம் வீட்டிலேயே நடத்த நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எட்டுப் பேர் போதும். பத்தைத் தாண்ட வேண்டாம். ஒன்றரை மணி நேரத்தில் எட்டுப் பேர் என்றால் ஆளுக்குச் சுமார் பத்து நிமிடம் கிடைக்கும், அதற்குக் குறைந்தால் நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் மட்டுமே பேசுவார்கள். யாரை அழைப்பது என்பதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. கல்லூரி மாணவர்களை மட்டும் அழைத்தால் அவர்கள் ஏற்கெனவே தங்களுக்குள் பேசிக்கொள்வதையே மீண்டும் பேசுவார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் புடவைப் படங்களைப் போட்டு விற்கும் ஓர் அக்கா, தினமும் காலை வணக்கப் படம் அனுப்பும் ஒரு பாட்டி, நிறுத்தத்துக்கென்று தனிக் குழு வைத்திருக்கும் ஓர் ஆட்டோ ஓட்டுநர், பள்ளி வகுப்புக் குழுவில் இரவு பதினொரு மணிக்கும் பெற்றோருக்குப் பதில் எழுத நேர்கிற ஓர் ஆசிரியர், எதிலுமே கணக்கு இல்லாத ஒருவர் என்று கலந்து அழைக்க வேண்டும். ஆனால் மாமியாரையும் மருமகளையும், முதலாளியையும் அவரிடம் வேலை செய்பவரையும் ஒரே நாளில் உட்கார வைக்காதீர்கள். இருவரில் ஒருவர் நிச்சயம் வாய் திறக்க மாட்டார்.

மொழியையும் நினைவில் கொள்ளுங்கள். வேலூர், மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடியில் உருது பேசும் குடும்பங்களும், குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் தெலுங்கு பேசும் குடும்பங்களும் நிறைய உண்டு. ஒரே வதந்தி தமிழில் ஒரு மாதிரியும் உருதுவில் வேறு மாதிரியும் வந்து சேர்ந்திருக்கும். அந்த வேறுபாடு தெரிந்த ஒருவராவது அவையில் இருந்தால் பேச்சுக்குக் கனம் கூடும்.

இடமும் நேரமும் எளியவை. கோடையில் நம் ஊர் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிறு மாலை ஐந்தரைக்கு மேல், ஜமக்காளம் விரித்த மொட்டை மாடியோ காற்று வரும் கூடமோ போதும். எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும், முட்டி வலி உள்ளவர்களுக்கு நாற்காலியும் வட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். சுண்டலும் தேநீரும் இடையில் தரலாம். பிரியாணி போடுவதாக முன்கூட்டியே சொல்லிவிட்டால் பேச்சு முழுவதும் சமையலறையைப் பார்த்தே நடக்கும் என்பது என் கருத்து.

அழைக்கும்போதே மூன்று செய்திகளை நேரில் அல்லது தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். இங்கே பேசப்படுவது வெளியே போகாது. யாரும் படம் எடுக்க மாட்டார்கள். சமூக ஊடகத்தைப் பற்றிய கூட்டத்தை உடனே ஸ்டேட்டஸில் போடும் ஆசை எல்லோருக்கும் வரும் என்பதால் இதை இரண்டு முறை சொல்ல வேண்டும். கூட்டத்துக்கென்று புதிய வாட்ஸ்அப் குழுவும் தொடங்கப்படாது.

பேச்சுக்கு அடிப்படையாக ஒரு பொருள் கையில் இருக்க வேண்டும். நான் பரிந்துரைப்பது, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நடந்த இரண்டு நிகழ்வுகளை அடுத்தடுத்து வைப்பது. முதலாவது 2018 மே மாதத்தில் நடந்தது. 1989 வரை நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்து, இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் போளூருக்கு அருகே, குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பத்தினரைக் குழந்தை கடத்த வந்தவர்கள் என்று சந்தேகித்து ஊர்க்கூட்டம் தாக்கியதில், 65 வயதுப் பெண் ஒருவர் உயிரிழந்தார். கடத்தல் கும்பல் நடமாடுவதாக அந்த வாரங்களில் வாட்ஸ்அப்பில் பரவிய செய்திகளே அந்த அச்சத்துக்கு எண்ணெய் வார்த்தன. இரண்டாவது 2023 மார்ச்சில் நடந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று, தொடர்பே இல்லாத காணொளிகள் வடமாநிலங்களில் பரவின. தமிழ்நாடு காவல்துறை அவை பொய் என்று மறுத்து, பரப்பியவர்கள் மீது வழக்குப் பதிந்தது.

முதல் நிகழ்வில் நம்பியவர்கள் நாம். இரண்டாவதில் நம்மைப் பற்றி நம்பியவர்கள் அவர்கள். ‘படிக்காத ஜனங்கள்தான் இதையெல்லாம் நம்புவார்கள்’ என்று தொடங்கும் பேச்சு, இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது தானாகவே நின்றுவிடும். சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருபவர்களைத் தினமும் பார்க்கும் வேலூரில், அயலாரைப் பற்றிய ஒரு செய்தி நம் கைப்பேசிக்கு வந்தால் அதை ஏன் நம்பத் தோன்றுகிறது என்ற கேள்வி வெறும் பொதுக்கேள்வியாக இருக்காது. இறந்தவரின் படத்தையோ தாக்குதல் காணொளியையோ காட்ட வேண்டாம். நடந்ததை இரண்டு நிமிடத்தில் வாய்மொழியாகச் சொன்னால் போதும்.

கேள்விகளை முன்னதாகவே தாளில் எழுதி வையுங்கள். நல்லதா கெட்டதா என்று கேட்கும் எந்தக் கேள்வியும் பட்டிமன்றத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். அதற்குப் பதிலாக ஒரு செயலைக் கேளுங்கள். கடைசியாக யாருக்கோ அனுப்பப் போய் நிறுத்திக்கொண்ட செய்தி எது, எதனால் நிறுத்தினீர்கள்? வெளியேற நினைத்தும் வெளியேறாமல் இருக்கும் குழு எது, வெளியேறினால் யார் என்ன நினைப்பார்கள்? 2020 ஜூனில் டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது அதில் இருந்தவர்கள் அடுத்த வாரம் என்ன செய்தார்கள்? உங்கள் படத்தை உங்களைக் கேட்காமல் உறவினர் ஒருவர் போட்டபோது என்ன சொன்னீர்கள், அல்லது ஏன் எதுவும் சொல்லவில்லை? ஒரு மாலைக்கு இப்படி நான்கு கேள்விகளே அதிகம்.

கைப்பேசிகளை வாங்கி வைப்பது சோதனை போலத் தோன்றும், அதனால் தொடக்கத்தில் அவற்றைப் பயன்படுத்தவே விடுங்கள். ஒவ்வொருவரும் செட்டிங்ஸில் போய், நேற்று எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்பதைத் தாமே பார்க்கட்டும். அந்த எண்ணை வெளியே சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பெரும்பாலும் யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்லத் தொடங்குவார். அதன்பின் கைப்பேசிகள் கவிழ்ந்து கிடக்கட்டும்.

நடத்துபவரின் வேலை கருத்துச் சொல்வதல்ல. கருத்தை நிகழ்வாக மாற்றிக் கேட்பது. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்’ என்று ஒரு பெரியவர் தொடங்கினால், ‘ஐயா, உங்கள் வீட்டில் எந்த நாள் அப்படித் தோன்றியது, அன்றைக்கு என்ன நடந்தது?’ என்று மரியாதை குறையாமல் கேட்கலாம். நடந்ததைச் சொல்லும்போது அவருடைய குரலே இறங்கும், எதிரே இருக்கும் பேரனும் கேட்கத் தொடங்குவான். ஒருவரே பேசிக்கொண்டு போனால், ‘அண்ணா, இதை அக்கா எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வருகிறேன்’ என்று பெயர் சுட்டி அடுத்தவரிடம் கொடுங்கள். பேசாமல் இருப்பவரை ஒரு முறைக்கு மேல் அழைக்காதீர்கள். முக்கியமாக, தம் படத்தைப் பிறர் தவறாகப் பயன்படுத்திய அனுபவம் உள்ள பெண்கள் அவையில் இருக்கக்கூடும். அவர்களை எந்தக் கேள்வியும் மூலைக்குத் தள்ளக் கூடாது. கட்சி, சாதிச் சண்டையாகப் பேச்சு திரும்பினால், செய்தி சரியா என்பதை விட்டுவிட்டு, அது நம் கைக்கு எந்த வழியாக வந்தது என்று கேட்டால் மீண்டும் தடத்துக்கு வரும்.

சட்டமும் விதிகளும் தெரியாமல் பேச்சு முட்டி நிற்கும் இடங்கள் சில உண்டு. அவற்றுக்காக ஒரு தாளில் சில உண்மைகளை எழுதி வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் 2018-இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்பது 2020 ஏப்ரலில் வந்தது. அப்படிப்பட்ட செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி தெரியும், அதைப் பாட்டிக்கு அங்கேயே காட்டலாம். இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் 13 வயது நிரம்பியவர்களுக்கே கணக்கு அனுமதிக்கின்றன. 16 வயதுக்குட்பட்டோர் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை ஆஸ்திரேலியா 2024-இல் நிறைவேற்றியது. அது 2025 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இணையப் பதிவுக்காகக் கைது செய்யப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் நீக்கியது, ஆனால் பொய்யையும் பகையையும் பரப்புவதற்கு எதிரான வேறு சட்டப் பிரிவுகள் இருக்கின்றன. கேள்வி வந்தால் மட்டுமே இந்தத் தாளை எடுங்கள், இல்லையென்றால் அது சிறப்புரையாகிவிடும்.

ஏழு மணிக்குப் பேச்சை நிறுத்திவிடுங்கள். தீர்மானம் நிறைவேற்ற வேண்டாம். இன்று முதன்முறையாகக் கேட்ட ஒன்றை ஒவ்வொருவரும் ஒரு வரியில் சொன்னால் போதும். குடியாத்தம் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் கிளம்பட்டும், நீங்கள் மட்டும் அரை மணி நேரமாவது வீட்டில் இருங்கள். அவையில் பேசாத ஒருவர், செருப்பை மாட்டிக்கொண்டே, தன்னை யாரோ படத்தை வைத்து மிரட்டிப் பணம் கேட்கிறார்கள் என்று சொல்லக்கூடும். ஏன் அனுப்பினாய் என்று கேட்காதீர்கள். பணம் கொடுக்க வேண்டாம், உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். மற்றபடி தேசிய சைபர் குற்ற முறையீட்டு இணையதளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார் தரலாம், குழந்தையாக இருந்தால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது. காவல் நிலையத்துக்குத் தனியாகப் போகத் தயங்கினால், மறுநாள் காலை எத்தனை மணிக்கு உடன் வர வேண்டும் என்று அப்போதே கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.