அறுபதாயிரத்தில் கேமிங் கம்ப்யூட்டர்: காயில் கட்டுகிறவன் போட்ட கணக்கு

எனக்குத் தொழில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது. கேரள-தமிழக எல்லையோரம் கொழிஞ்சாம்பாறையில் பட்டறை. சுற்றுவட்டாரத்துத் தென்னந்தோப்புகளில் எரிந்துபோகிற போர்வெல் மோட்டார்களில் பாதி என் மேஜைக்கு வந்துதான் போகும். கம்ப்யூட்டருக்கும் எனக்கும் பில் அடிக்கிற அளவுக்குத்தான் உறவு இருந்தது. 2025 மே மாதம் அக்கா மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு, "மாமா, கோயம்புத்தூர் காலேஜ்ல சேரப் போறேன், அதுக்கு முன்னாடி ஒரு கேமிங் பிசி" என்று வந்து நின்றான். அக்கா ஐம்பதாயிரம், நான் பத்தாயிரம். மானிட்டர் உட்பட அதற்குள் முடிக்க வேண்டும். ஒரு மாதம் இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டதில் தெரிந்ததை எழுதுகிறேன்.

கடைக்குப் போவதற்கு முன் மருமகனிடம் கேட்ட முதல் கேள்வி, எந்த மானிட்டர் என்பது. அவனுக்கு அது விளங்கவில்லை. கம்ப்யூட்டருக்கு மூளையான பிராசசரின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தான். நான் தோட்டத்துக் கணக்கில் சொன்னேன்: ஒன்றரை இன்ச் பைப்பைப் போட்டுவிட்டுப் பத்து எச்பி மோட்டார் இறக்கி என்ன பயன்? மானிட்டர்தான் பைப். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு அறுபது முறைதான் படத்தை மாற்றும். உள்ளே படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டு நொடிக்கு இருநூறு வரைந்தாலும் கண்ணுக்கு வருவது அறுபதுதான். அவன் விளையாடுவது வேலரன்ட் மாதிரி சட்டென்று திரும்பிச் சுடுகிற விளையாட்டு. அதற்கு 1080பி தெளிவில், 144 ஹெர்ட்ஸோ அதற்கு மேலோ ஓடுகிற 24 இன்ச் மானிட்டர் போதும். 4கே பக்கம் இந்தப் பட்ஜெட்டில் தலைவைத்தே படுக்கக் கூடாது. 165 ஹெர்ட்ஸில் ஒன்று 8,800 ரூபாய்க்குக் கிடைத்தது.

மானிட்டர் முடிவானால் கிராபிக்ஸ் கார்டு தானாக முடிவாகிவிடும். மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு இதற்குப் போகட்டும், வருத்தப்பட வேண்டாம். நாங்கள் எடுத்தது 8 ஜிபி மெமரி உள்ள ஆர்எக்ஸ் 6600. கடைக்காரர் ஆர்டிஎக்ஸ் 3050-யை நீட்டினார். அதிலும் 6 ஜிபி, 8 ஜிபி என்று இரண்டு இருக்கிறது. பெயர் ஒன்று, சரக்கு வேறு. 6 ஜிபி கார்டு சுமார் 70 வாட்டில் ஓடுகிற சின்னது. எங்களுக்குச் சொன்ன விலையில் வித்தியாசம் இரண்டாயிரத்துச் சொச்சம்தான், ஆனால் வேகத்தில் 6600 நன்றாகவே முன்னால் நிற்கும். விலை குறைகிறதே என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போகாதீர்கள். அது 4 ஜிபி, அதோடு மதர்போர்டிலிருந்து நாலே நாலு பாதையில்தான் டேட்டா எடுக்கும். பழைய வகை ஸ்லாட் உள்ள போர்டில் மாட்டினால் இன்னும் மூச்சு வாங்கும்.

பிராசசர் ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600. ஆறு கோர் (உள்ளே ஆறு பேர் சேர்ந்து வேலை செய்கிற மாதிரி), 65 வாட் வகை, சூட்டை இறக்குகிற கூலரும் பெட்டிக்குள்ளேயே வரும். அதே கடையில் 'ட்ரே' என்று பெட்டியில்லாத பிராசசரும் உண்டு. விலை குறையும், கூலர் இருக்காது, மூன்று வருட வாரன்டிக்கு யாரைப் பிடிப்பது என்றும் தெரியாது. இன்டெலில் போகிறவர்களுக்கு ஐ5-12400எஃப் நல்ல பொருள், அதுவும் ஆறு கோர். கடைசியில் வருகிற 'எஃப்' என்ற எழுத்துக்கு அர்த்தம், உள்ளே டிஸ்ப்ளே கொடுக்கிற வசதி இல்லை, தனிக் கார்டு கட்டாயம் என்பது. 5600-க்கும் அதே கதைதான், ஆனால் அதன் பெயரில் எச்சரிக்கை எழுத்து எதுவும் இல்லை. நான் இதில் மாட்டிக்கொண்டதைப் பின்னால் சொல்கிறேன்.

'ஐ7, 16 ஜிபி, 4 ஜிபி கிராபிக்ஸ், 25,000 ரூபாய்' என்று ரெடிமேடாக விற்கிறார்களே, அதில் ஐ7-க்குப் பின்னால் என்ன எண் என்று கேளுங்கள். 3770 என்றால் முதல் எண் 3, மூன்றாம் தலைமுறை, 2012-ல் வந்தது. அதைவிட 12100எஃப் என்கிற சாதாரண ஐ3 வேகமானது. இன்னொரு தொல்லையும் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். வேலரன்ட் விண்டோஸ் 11-ல் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கிறது. பழைய ஐ7 வாங்கிக் கொடுத்திருந்தால் பையன் என் முகத்தில் விழித்திருக்கவே மாட்டான்.

எல்லாப் பாகங்களையும் மாட்டுகிற மதர்போர்டு பி450. பி550 எடுத்திருக்கலாம், இரண்டாயிரம் கூட ஆகும், எங்களிடம் இல்லை. பி450 வந்தது 2018-ல், 5600 வந்தது 2022-ல். அதனால் போர்டில் பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பிவிடுகிற புரோகிராம்) புதுசாக இருந்தால்தான் பிராசசரை அடையாளம் தெரியும். "எல்லாம் ஓடுமுங்ணா" என்றார் கடைக்காரர். ஓட்டிக் காட்டுங்கள் என்றேன். பத்து நிமிடத்தில் மேஜை மேலேயே மாட்டிக் காட்டினார். வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டுத் திரும்ப பஸ் ஏறுவதைவிட அந்தப் பத்து நிமிடம் மேல்.

ராம், அதாவது ஓடுகிற வேலைக்கான மெமரி, 16 ஜிபி, ஆனால் 8 ஜிபி இரண்டாக. ஒரே குச்சியில் 16 என்றால் ஒரு வழிப்பாதை, இரண்டு என்றால் இரு வழி. நாலு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்ட வேண்டும். அன்றைக்கு 3,300 ரூபாய். 2025 கடைசியில் ராம் விலை ஏறின ஏற்றத்தில் இதே ஜோடி இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போகின்றன, நம் ஊர்ப் பையன் விளையாடுவதற்கு மிச்சம் இல்லை. இப்போது கட்டுகிறவர்கள் இந்தப் போர்டில் மாட்டுகிற டிடிஆர்4 வகை ராம் பழையது நம்பகமான இடத்தில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். தேய்கிற பாகம் எதுவும் அதில் இல்லை. மெம்டெஸ்ட் என்ற சோதனை புரோகிராமைப் போட்டு ஓர் இரவு ஓடவிட்டால் வண்டவாளம் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் சேமித்துவைக்கிற எஸ்எஸ்டி 500 ஜிபி, வேகமான என்விஎம்இ வகை, 3,000 ரூபாய். அதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

இனி எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளை. இதைத்தான் எல்லோரும் கடைசியில், கையில் மிஞ்சுகிற ஆயிரத்தில் வாங்குகிறார்கள். என் பட்டறைக் கம்ப்யூட்டருக்கு நானும் அப்படித்தான் செய்தேன். கேபினெட்டோடு இலவசமாக வந்தது. மேலே பெரிய எழுத்தில் 500 வாட். ஒரு சாயங்காலம் தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் நின்று வோல்டேஜ் திடீரென்று ஏறின நேரத்தில் 'டப்' என்றது. கூடவே மதர்போர்டையும் கொண்டுபோய்விட்டது. கோபத்தில் ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மர் எலுமிச்சம்பழ அளவு. உள்ளே வருகிற கரண்டை வடிகட்டுகிற காயில் உட்கார வேண்டிய இடத்தில் போர்டில் படம் மட்டும் அச்சடித்திருந்தது, காயில் இல்லை. அதற்குப் பதில் ஒரு வெறும் கம்பியைக் குறுக்கே சூடுவைத்திருந்தார்கள். இருபது கிராம் செம்பை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். காயில் கட்டிப் பிழைக்கிறவனிடமே.

அன்றிலிருந்து நான் வாட்டைப் படிப்பதில்லை, ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே உள்ள ஆம்பியரைத்தான் படிப்பேன். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசசரும் கார்டும் தின்பது 12 வோல்ட் லைனிலிருந்து. எரிந்துபோனதில் 16 ஆம்பியர் என்று போட்டிருந்தது. பன்னிரண்டைப் பதினாறால் பெருக்கினால் 192 வாட். 500 எங்கே, 192 எங்கே? ஒழுங்கான 550 வாட் சப்ளையில் 12 வோல்ட்டில் 45 ஆம்பியர் போட்டிருக்கும், 540 வாட். எங்கள் மெஷினில் கார்டு 132 வாட், பிராசசர் அதிகபட்சம் 76, மற்றதெல்லாம் சேர்த்து ஐம்பது என்று வைத்தாலும் 260-க்குள் அடங்கும். அப்புறம் எதற்கு 550? சப்ளை பாதி லோடில்தான் சூடில்லாமல் சுகமாக ஓடும். நாளைக்குப் பெரிய கார்டு மாட்டினாலும் தாங்கும்.

எல்லைப் பக்கம் தோட்டங்களுக்கு நடுவே இருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஸ்டிக்கரில் இன்புட் 200-240 என்று போட்டதை விட்டுவிடுங்கள், 100-240 என்று போட்டதை எடுங்கள். மோட்டார் ஓடுகிற நேரத்தில் என் மீட்டரில் 180 காட்டிய நாட்கள் உண்டு. முதல் வகை அப்போது அணைந்துவிடலாம். இரண்டாவது வகை ஆம்பியரைக் கூட இழுத்துச் சமாளிக்கும். இது இருந்தால் வோல்டேஜ் குறைகிறது என்பதற்காகக் கம்ப்யூட்டருக்குத் தனியாக ஸ்டெபிலைசர் தேவையில்லை. 80 பிளஸ் ப்ரான்ஸ் (வெண்கலம்) என்ற முத்திரை கரண்ட் வீணாவதை மட்டும்தான் சொல்கிறது, உள்ளே என்ன போட்டிருக்கிறார்கள் என்பதை அல்ல. ஆனாலும் அது இல்லாததை வாங்க வேண்டாம். எங்களுக்கு 4,200 ரூபாய் ஆனது. யுபிஎஸ் பிறகு வாங்கலாம். வாங்கும்போது 600 விஏ என்றால் பொதுவாக 360 வாட்தான் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

எர்த் இல்லாத வீட்டில் இதெல்லாம் வீண். எஸ்எம்பிஎஸ்ஸில் வடிகட்டுகிற கெப்பாசிட்டர்கள் வழியாகக் கொஞ்சம் கரண்ட் கேபினெட்டுக்கு வரும், எர்த் இருந்தால் அப்படியே மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் கேபினெட்டில் டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும், காலில் செருப்பில்லாமல் தொட்டால் சுருக்கென்று இருக்கும். அக்கா வீட்டில் எர்த் இல்லை. கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எர்த் பைப் அடித்தேன்.

கேபினெட்டுக்கு முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை போதும். பாலக்காட்டுப் பக்கத்து ஏப்ரல் வெயிலில் ரூமே 38 டிகிரி. உள்ளே போகிற காற்றைவிடக் குளிர்ச்சியாக எந்த ஃபேனும் எதையும் ஆக்க முடியாது. முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. மருமகனுக்குக் கலர் லைட் வேண்டும் என்று ஆசை. 3,400 ரூபாய்க்கு வலையும் லைட்டும் சேர்ந்தே கிடைத்ததால் சண்டை வரவில்லை.

வேலந்தாவளம் வழியாகக் கோவை போய், காந்திபுரத்தில் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கினோம். கார்டு 20,300, பிராசசர் 9,100, போர்டு 5,900, கீபோர்டும் மவுஸும் 1,200. எல்லாம் சேர்த்து 59,200. மீதி எண்ணூறில் சாப்பாடும் பஸ்ஸும். ஒரு கடையில் பில் இல்லாமல் என்றால் இரண்டாயிரம் குறைப்பதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வரி ஒன்றுதான், நாங்கள் வாங்கியபோது 18 சதவீதம். நாளைக்குக் கார்டு படுத்துக்கொண்டால் காட்டுவதற்குப் பில்லும் அதில் எழுதிய சீரியல் நம்பரும்தான் இருக்கும்.

மாட்டுவது பட்டறை மேஜையிலேயே நடந்தது. இரண்டே இடத்தில் கவனம். பிராசசரின் மூலையில் தங்க நிறத்தில் சின்ன முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் இருக்கும். இரண்டையும் சேர்த்துவைத்தால் தானாக இறங்க வேண்டும். அழுத்தினால் அடியில் உள்ள ஊசிகள் வளையும். கூலர் மாட்ட, போர்டில் இருக்கிற பிளாஸ்டிக் கொக்கிகளைக் கழற்றும்போது பின்னால் உள்ள தகடு பொத்தென்று விழும். எனக்கும் விழுந்தது. ஒரு கையால் அடியில் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரவு பதினொரு மணிக்கு ஸ்விட்ச் போட்டோம். ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, மானிட்டர் கறுப்பு. ராமைக் கழற்றி மாட்டினேன், ஒயரை எல்லாம் ஆட்டிப் பார்த்தேன். அக்கா போனில் "ஐம்பதாயிரமும் போச்சாடா?" என்கிறாள். கடைசியில் பார்த்தால் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகியிருந்தேன். 5600-ல்தான் டிஸ்ப்ளே கிடையாதே. கேபிள் போக வேண்டியது கீழே இருக்கிற கார்டுக்கு. மாற்றிச் சொருகியதும் வந்துவிட்டது. மருமகன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

விண்டோஸ் ஏற்றிய பிறகு இரண்டு செட்டிங். பயாஸில் எக்ஸ்எம்பி (ராமை முழு வேகத்தில் ஓடவிடுகிற செட்டிங்) போடவில்லை என்றால் 3200 வேக ராம், முதலில் எங்களுடையது ஓடின மாதிரி, 2666-லேயே ஓடிக்கொண்டிருக்கும். டிஸ்ப்ளே செட்டிங்கில் 165-ஐத் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் மானிட்டர் 60-லேயே நிற்கும். காசு கொடுத்து வாங்கியதைப் பலர் வருடக்கணக்கில் திறக்காமலே வைத்திருக்கிறார்கள்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது கேபினெட் வலையில் ஒரே மாதத்தில் புழுதி படிந்துவிடுகிறது. மோட்டாருக்கு வைத்திருக்கிற புளோயரைத்தான் பிடிக்கிறேன். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் அது கண்டபடி சுற்றி பேரிங்கைக் கெடுத்துக்கொள்ளும். பிடித்துக்கொள்வது மருமகன் வேலை.