வக்கீல் வைக்க காசு இல்லையா? இலவசமா கேட்டு வாங்குங்க

கேஸ்னு வந்துட்டா வக்கீல் ஃபீஸுக்காக வட்டிக்கு வாங்காதீங்க. இந்தியாவுல எங்கிருந்தாலும் முதல்ல சட்ட உதவி எண் 15100க்கு போன் பண்ணுங்க, இல்லன்னா நேரா மாவட்ட கோர்ட் வளாகத்துல இருக்குற, இலவசமா வக்கீல் வச்சுக் கொடுக்குற சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீசுக்குப் போய், என்ன கேஸ், எந்த கோர்ட்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுங்க, எழுதத் தெரியாதவங்க வாயால சொன்னாலே எழுதிக்குவாங்க.

1987 சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டத்தோட 12வது பிரிவுப்படி பெண்கள், குழந்தைங்க, எஸ்சி எஸ்டி, மாற்றுத்திறனாளிங்க, காவல்ல இருக்குறவங்க இவங்களுக்கெல்லாம் வருமான வரம்பே கிடையாது, இது தெரியாம எத்தனையோ பேர் வருமான சான்றிதழுக்கு அலையறாங்க பாவம்.

வீட்டுல யாரையாவது அரெஸ்ட் பண்ணிட்டா இன்னும் முக்கியம். மாஜிஸ்திரேட் முன்னாடி முதல் தடவை நிறுத்தும்போதே "ஐயா, எனக்கு வக்கீல் வைக்க வசதி இல்ல"ன்னு வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்க, விசாரணை ஆரம்பிக்கட்டும்னு காத்திருக்க வேண்டாம், ரிமாண்ட் கட்டத்துலயே, அதாவது காவல்ல வைக்கலாமான்னு மாஜிஸ்திரேட் முடிவு பண்ணும்போதே, வக்கீல் கேக்குறது அவங்க உரிமை. ஜெயிலுக்குள்ள போயிட்டாலும் அங்கயே சட்ட உதவி மையத்துல மனு கொடுக்கலாம்.

வக்கீல் கிடைச்சதும் எஃப்ஐஆர் காப்பியக் கொடுத்து அடுத்த வாய்தா தேதிய கேட்டு குறிச்சு வச்சுக்கோங்க. அவர் பணம் கேட்டா கொடுக்காதீங்க, கோர்ட் ஃபீஸ்கூட நீங்க கட்ட வேண்டியதில்ல, ஆணைக்குழு செயலாளர்கிட்ட புகார் எழுதிக் கொடுத்து வேற வக்கீல் போடச் சொல்லுங்க.