பாட்டுக் கட்டிப் பாடுபவரின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி

தானே பாட்டுக் கட்டி, தானே மெட்டுப் போட்டு, ஊர் ஊராகப் போய்ப் பாடியவரைப் பற்றி எழுத வருகிறவர்கள், பிறந்த ஊர், சொல்லிக்கொடுத்த வாத்தியார், வாங்கிய விருது என்று மூன்று பத்தியில் முடித்துவிடுகிறார்கள். அதைப் படித்து அந்த ஆள் யாரென்று தெரிந்துகொள்ள முடியாது. எந்தப் பாட்டை எந்த வயதில், யாருக்காக, எந்த மெட்டில் கட்டினார், அதில் எந்த அடி பெரியவர்கள் பாடிவந்தது, எந்த அடி அவரே இட்டுக்கட்டியது என்பதைப் பாட்டு பாட்டாக எழுதுங்கள். வாழ்க்கை அதற்குள் வந்துவிடும். வேலையைப் பாட்டிலிருந்து தொடங்கச் சொல்வது அதனால்தான்.

முதல் நாளே ஒரு பாட்டையாவது பதிவு செய்யுங்கள். பழகிய பிறகு எடுக்கலாம் என்று தள்ளிப்போட்டு, திரும்பிப் போகும்போது பாடகருக்குக் குரல் போயிருக்கும், அல்லது ஆளே இருக்கமாட்டார். பிறகு பட்டியல் போடுங்கள். முழுப் பாட்டு வேண்டாம், முதல் அடி மட்டும் கேட்டு வரிசையாக எழுதுங்கள். இந்தப் பட்டியலுக்குப் பின்பாட்டுப் பாடியவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. முன்பாட்டுக்காரர் மறந்த பாட்டைப் பின்பாட்டுக்காரர்தான் எடுத்துக் கொடுப்பார். இருபது பாட்டு என்று சொன்னவரிடம் இரண்டு மூன்று நாள் உட்கார்ந்தால் பட்டியல் அதைப் போல இரண்டு பங்கு நீளும்.

பதிவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு போதும். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். 32 ஜிபி கார்டு ஒன்றும் மாற்று பேட்டரியும் இருந்தால் ஒரு நாளைக்குத் தாங்கும். எம்பி3 வேண்டாம். ஒலி அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ லெவலை முதலில் அணையுங்கள். அது இருந்தால் உறுமி ஒரு அடி விழுந்ததும் குரல் உள்ளே அமுங்கிப்போகும். அடி நின்றதும் பின்னால் கோழி கூவுவது பெரிதாக எழும். பதிவு முடிந்தபின் இதைச் சரிசெய்யவே முடியாது. லெவலை உச்சமாகப் பாடும் இடத்தில் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாதபடி வையுங்கள். சோதனைக்கு ‘ரெண்டு வார்த்தை பேசுங்க’ என்று கேட்காதீர்கள், பாட்டின் உச்சமான அடியையே பாடச் சொல்லுங்கள். மைதானத்தில் பாடிப் பழகிய தொண்டை பேச்சைவிடப் பல மடங்கு எழும்பும். குலவை அதற்கும் மேலே போகும்.

மைக் வாய்க்கு ஒன்றரைச் சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்று ஓரமாக இருக்கட்டும். தரையில் வைத்தால் தாளம் போடும் காலின் அதிர்வு ஏறும், ஸ்டாண்டிலோ மடித்த போர்வை மேலோ வையுங்கள். மின்விசிறியையும் ஃபிரிட்ஜையும் நிறுத்துங்கள். திரும்பப் போடவும் மறக்காதீர்கள். ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் தேதி, ஊர், பாடுபவர் பெயர், கூட இருப்பவர்கள் யார் யார் என்பதை உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறிப்போகும். உள்ளே பேசியது அப்படியே இருக்கும்.

ஒவ்வொரு பாட்டையும் இரண்டு முறை எடுங்கள். முதல் முறை வாத்தியம் இல்லாமல் குரல் மட்டும், சொல்லும் மெட்டும் துல்லியமாகக் கிடைப்பதற்கு. இரண்டாம் முறை பின்பாட்டு, பறை, உறுமி, தவில், உடுக்கை என்று செட்டில் என்னென்ன உண்டோ அத்தனையும் சேர்த்து. முதல் பதிவில் எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதியில், பாடினார் என்று குறித்துக்கொள்ளுங்கள் (1 கட்டை சி, 4 கட்டை எஃப், 5 கட்டை ஜி). இளவயதுக் கேசட்டில் ஐந்தரைக் கட்டையில் பாடியவர் இப்போது நாலு கட்டையில் பாடுகிறார் என்றால் அதுவும் அவர் வாழ்க்கை வரலாறுதான்.

உட்கார வைத்துப் பாடச் சொன்னால் பல பாட்டு வராது. நடவுப் பாட்டின் அடி குனிந்து நாற்று ஊன்றும் அளவுக்குக் கட்டியது. கையைக் கட்டிக்கொண்டு பாடினால் பாதியில் அறுந்துவிடும். தாலாட்டுக்குத் தொட்டில் கயிற்றையோ மடியில் ஒரு பிள்ளையையோ கொடுங்கள். கும்மிக்கு நாலு பேராவது எழுந்து சுற்றவேண்டும். ஒப்பாரி விஷயத்தில் மட்டும் வற்புறுத்தாதீர்கள். சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடுவது ஆகாது என்று பல இடங்களில் ஒதுக்குவார்கள். தோட்டத்திலோ கண்மாய்க்கரையிலோ பாடச் சம்மதிப்பார்கள். அதற்கும் மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். சாமி இறங்கும் வர்ணிப்புப் பாட்டையும் கோயில் காலத்தில் கேட்பதே மரியாதை.

இனி எழுதுவது. காதில் விழுந்தபடி எழுதுங்கள். ‘கெடந்த’ என்று பாடினால் ‘கிடந்த’ என்று திருத்தவேண்டாம். ‘தன்னானே’, ‘ஏலேலோ’ எல்லாவற்றையும் எத்தனை முறை வந்ததோ அத்தனை முறையும் எழுதவேண்டும், ஏனென்றால் மெட்டின் அளவு அதில்தான் இருக்கிறது. திருத்தி எழுதுவதால் என்ன போகும் என்பதற்கு, இப்படி இரண்டு அடி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

கம்மாக் கரையோரம் கருவேல மரத்தடியில
சும்மாக் கெடந்த கல்லச் சாமியாக்கிப் போனவரே

இதை ‘கண்மாய்க் கரையோரம்’ என்று திருத்தினால் ‘கம்மா, சும்மா’ என்ற எதுகை அறுந்துபோகும். இன்னொன்றும் உண்டு. மதுரை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய் என்பதைத் திருநெல்வேலிப் பக்கம் குளம் என்பார்கள், வட மாவட்டங்களில் ஏரி என்பார்கள். திருநெல்வேலிப் பாடகர் ஒருவர் இதே அடியை ‘குளத்தங் கரையோரம்… சும்மாக் கெடந்த கல்ல’ என்று பாடினால், பாட்டு கண்மாய் நாட்டில் பிறந்து அங்கே போய்ச் சேர்ந்தது என்று எதுகை முறிந்த இடமே காட்டிக்கொடுக்கும். நாமே சொல்லைச் செப்பனிட்டுவிட்டால் இந்தத் தடயம் அழியும்.

எது அவர் கட்டியது, எது வழிவழியாக வந்தது என்பதுதான் இதில் கடினமான வேலை. ‘இது நீங்கள் எழுதியதா?’ என்று நேரடியாகக் கேட்டால் பதில் சரியாக வராது. சிலர் எல்லாம் நான் கட்டியது என்பார்கள், சிலர் அடக்கத்தால் எல்லாம் பெரியவங்க பாட்டு என்பார்கள். அடி அடியாகக் கேளுங்கள்: ‘இந்த அடியை அம்மா பாடும்போது எப்படிப் பாடுவாங்க?’ உடனே பழைய வடிவத்தைப் பாடிக் காட்டுவார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு நாட்டுப்புறவியல் ஆய்வாளர் நா. வானமாமலை (1917–1980) போன்றவர்கள் திரட்டிய பழைய தொகுப்புகளில் தேடுங்கள். கொலையையோ வெள்ளத்தையோ கதையாகப் பாடும் கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து வகையென்றால் சந்தையில் மலிவாக விற்ற குஜிலிப் பாட்டுப் புத்தகத்திலிருந்து வந்திருக்கலாம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். மெட்டையும் தனியாகக் குறியுங்கள். சொல் சொந்தமாகவும் மெட்டு சினிமா மெட்டாகவும் இருப்பது மிகச் சாதாரணம். அதில் குறை ஒன்றுமில்லை. அந்தப் படம் வந்த ஆண்டுக்கு முன்னால் பாட்டுப் பிறந்திருக்க முடியாது என்பதால் காலக் கணக்குக்கே அது உதவும்.

காலத்தைக் கேட்கும்போது ஆண்டு கேட்காதீர்கள், நிகழ்ச்சி கேளுங்கள். தனுஷ்கோடிப் புயலுக்கு (டிசம்பர் 1964) முன்னா பின்னா, காமராஜர் இறந்தபோது (அக்டோபர் 1975) பாட ஆரம்பித்துவிட்டீர்களா, எம்.ஜி.ஆர். இறந்த (டிசம்பர் 1987) சமயம் தலைப்பிள்ளைக்கு என்ன வயது, சுனாமிக்கு (டிசம்பர் 2004) முன்பா என்று கேட்டால் ஒன்றிரண்டு ஆண்டுக்குள் நிற்கும். சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியை அப்படியே நம்பவேண்டாம். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் வசதிக்குப் போட்ட தேதியாக இருக்கலாம்.

இதற்கு அடுத்த சாட்சி திருவிழா நோட்டீஸ். பெட்டியில், பரண்மேல், சாமி படத்துக்குப் பின்னால் எல்லாம் மடித்து வைத்திருப்பார்கள். நோட்டீஸில் தமிழ் ஆண்டும் மாதமும் மட்டும் இருந்தால் கவனம். பிரபவ ஆண்டு ஏப்ரல் 1987 நடுவில் தொடங்கியது. ஆனால் பிரபவ ஆண்டுப் பங்குனிப் பொங்கல் 1988 மார்ச்சிலோ ஏப்ரல் முன்பாதியிலோதான் வரும். தை, மாசி, பங்குனிக்கு இந்த ஒரு வருடப் பிழை அடிக்கடி நடக்கிறது. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதால் கிழமையையும் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பாருங்கள்.

வானொலியில் பாடியிருந்தால் ஒப்பந்தத் தாளில் தேதி இருக்கும். கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட விருதுகள் வயதுவாரியானவை: 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச்சுடர்மணி, 51 முதல் 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. விருதின் பெயரே அவர் வயதைச் சொல்லும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை இருந்தால் இருபக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சினிமா வெளிச்சம் பட்டவர் என்றால் அதற்கு வெளியே இருப்பதைக் கூடுதலாகத் தேடுங்கள். நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயியை ‘ஆண்பாவம்’ (1985) படத்தால் அறிந்தவர்கள் ஏராளம்; வானொலியில் அவர் பாடிய பாட்டுகளை அறிந்தவர்கள் குறைவு.

பழைய கேசட் கிடைத்தால் உடனே போட்டுக் கேட்டுவிடாதீர்கள். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத் துண்டு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். அது விழுந்திருந்தால் ஒலி மங்கி மங்கி வரும். ஒருமுறை முன்னும் பின்னும் முழுதாக ஓட்டி நாடாவைத் தளர்த்துங்கள். டெக்கில் நாடா உரசிப் போகும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் ஹெட்டின் சாய்வு பொருந்தவில்லை. பாட்டை ஓடவிட்டபடி ஹெட்டின் ஓரத்துச் சிறு திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, ஜால்ரா ஒலி கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். வேகம் தவறினால் கட்டை மாறும், அதனால் கேசட்டைக் கேட்டுக் கட்டையை முடிவுசெய்யும் முன் வேறு நல்ல கேசட்டோடு அதே டெக்கைச் சோதியுங்கள். கேசட் அட்டையையும் ஸ்கேன் செய்யுங்கள். பாடல் ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று மட்டும் அச்சிட்டு, கட்டியவர் பெயரையே விழுங்கிய அட்டைகள் நிறைய. இது பெரிய அநியாயம். உங்கள் பதிவில் அதை எழுத்தில் நேர்செய்யுங்கள்.

இது வெறும் மனவருத்தம் அல்ல, உரிமைப் பிரச்சினையும்கூட. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டைக் கட்டியவரின் உரிமை அவர் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும் நிற்கும். பாடியவருக்கு நிகழ்த்துநர் என்ற முறையில் 50 ஆண்டு தனி உரிமை உண்டு. எனவே அனுமதியை மொத்தமாக வாங்காமல் மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: பத்திரமாக வைத்துக்கொள்ளவா, சொற்களை அச்சிடவா, ஒலியை இணையத்தில் ஏற்றவா. எளிய தமிழில் வாசித்துக் காட்டி, அவர் வாயால் சொல்லும் பதிலைப் பதிவு செய்து, தாளிலும் கையெழுத்தோ ரேகையோ வாங்குங்கள். உங்களுக்காகப் பாடிய நாளுக்கு அவர் கூலி வேலைக்குப் போகவில்லை. அந்த நாளுக்குரிய பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்கவேண்டும்.

எல்லாம் எழுதி முடித்தபின் ஒருமுறை நேரில் போய் முழுவதையும் அவருக்கும் பின்பாட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்டுங்கள். அப்போதுதான் ‘அந்த அடி அப்படியில்ல’ என்று விட்டுப்போன கண்ணி ஒன்று வரும், ரெக்கார்டரும் கையில் இருக்கட்டும். கோப்புகளை இரண்டு தனி ஹார்ட் டிஸ்கில் வைத்து, இரண்டையும் வேறு வேறு ஊரில் வையுங்கள். பாடகருக்குக் கொடுக்கும் பிரதி மட்டும் எம்பி3 ஆக இருக்கலாம்: வீட்டு ஸ்பீக்கரில் ஓடும் மெமரி கார்டில், பட்டியல் வரிசைப்படி, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அதன் முதல் அடியையும் கட்டியவர் பெயரையும் சொல்லி.