30 என்று வந்த விடை 5 ஆனது

1 முதல் 9 வரை எண்கள். சம இடைவெளியுள்ள மூன்று மூன்றாக, ஒன்றும் மிச்சமில்லாமல், எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? வெள்ளவத்தை வீட்டில் ஒரு ஞாயிறு, பைத்தன் என்ற கணினி மொழியில் சின்ன நிரல் எழுதி ஓட்டினேன். 30 என்றது. சரி என்று 12 வரை போட்டால் 360.

பக்கத்தில் கொப்பியோடு இருந்த மருமகன், "மாமா, இது முதலே எழுதினதுதானே?" என்றான். பார்த்தால் 123, 456, 789 ஒரு வழி. 456, 123, 789 இன்னொரு வழியாம்! மூன்று கூட்டங்களை 6 விதமாக அடுக்கலாம், அதனால் ஒவ்வொரு வழியும் ஆறு தரம் எண்ணப்பட்டிருக்கிறது. கடைசியில் 6ஆல் வகுத்துவிடலாம்தான், ஆனால் வீண் வேலை அப்படியே இருக்கும்.

அப்புறம் ஒரேயொரு வரியை மாற்றினேன்: எப்போதும் மிச்சமுள்ள மிகச் சிறிய எண்ணில் இருந்தே அடுத்த கூட்டத்தைத் தொடங்கு. 1க்குத் துணை 2,3 என்றால் மீதி இரண்டு விதமாகப் பிரியும். 3,5 என்றாலும், 4,7 என்றாலும், 5,9 என்றாலும் ஒவ்வொரு விதம்தான். 6,11 எல்லையைத் தாண்டிவிடும். ஆக 5. பிளேன்டீ ஆறமுதல் கையாலேயே சரிபார்த்துவிட்டோம். 12 வரை என்றால் 15 விதம், 15 வரை என்றால் 55.

எண்கள் கூடக்கூட நிரல் இழுத்தது. 123, 456 எடுத்தாலும் 135, 246 எடுத்தாலும் மிஞ்சுவது 7இல் இருந்துதானே? மிஞ்சும் எண்களுக்கான விடையை ஒருதரம் கண்டதும் சேமித்துவைக்கச் செய்தேன். அதற்குப் பிறகு இழுக்கவில்லை.