செம்மண்ணில் கிடந்த எலும்பின் வயதைக் கண்டுபிடிக்க

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பொட்டலில் நடக்கும்போது, பழங்கால வேட்டைக்காரர்கள் தங்கிய இடம் என்று நினைக்கத் தோன்றும்படி கல் சில்லுகளும் எலும்புத் துண்டுகளும் கிடந்தால், முதலில் கையை வைக்காதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுங்கள், இடத்தை போனில் குறித்துக்கொள்ளுங்கள், தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். அனுமதி இல்லாமல் தோண்டவே கூடாது.

வயதைச் சொல்வது எலும்பின் சுண்ணாம்பு இல்லை, அதற்குள் இருக்கும் கொலாஜன் என்ற புரதம். உயிர் போனபின் அதிலுள்ள கார்பன்-14 என்ற கார்பன் வகை மெல்ல மெல்லக் குறையும், எவ்வளவு மிச்சம் என்று பார்த்துத்தான் வயதைக் கணக்கிடுவார்கள். ஆட்டுக்கால் சூப் ஆறினால் கெட்டியாக உறைகிறதே, அது இந்தக் கொலாஜனால்தான். செம்புறாங்கல் மண்ணின் அமிலம் எலும்பை அரித்துவிடும் என்பதால் நம்ம ஊரில் நல்ல எலும்பு கிடைப்பதே அபூர்வம். சுக்கான் கல் கலந்த மண்ணில் கொஞ்சம் தப்பிக்கும்.

அனுமதி கிடைத்தபின், மான், மாடு போன்றவற்றின் கால் எலும்பில் கெட்டியான நடுப்பகுதியைத் தேர்ந்தெடுங்கள், விலா வேண்டாம். அதிலும் வெட்டுத்தடம் உள்ளதாக இருந்தால் ரொம்ப நல்லது. லென்ஸில் பார்த்தால் கல் கத்தி கீறிய கோடு மெல்லிசாக 'V' வடிவில் இறங்கியிருக்கும், எலி கொறித்தது அகலமாக, பக்கத்துப் பக்கத்தில் ஜோடியாக இருக்கும். தடம் இல்லாத எலும்பு அங்கே தானாகச் செத்த மானுடையதாகவும் இருக்கலாம், அதன் வயது மனிதர்களைப் பற்றி எதுவும் சொல்லாது. கருகிய துண்டில் கொலாஜன் போயிருக்கும்.

கையுறை போட்டு எடுத்து, நிழலில் உலர்த்தி, அலுமினியத் தாளில் சுற்றுங்கள். பஞ்சு, காகிதம், பசை எதுவும் படக்கூடாது. உடைந்த துண்டைப் பாசத்தோடு பசை போட்டு ஒட்டிவைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாகிவிட்டது. 30,000 வருட எலும்பில் இன்றைய கார்பன் ஒரே ஒரு சதவீதம் கலந்தாலும் கணக்கு சுமார் 2,700 வருடம் இளசாகிவிடும்.

ஒன்றிரண்டு கிராம் போதும். ஆனால் அது திரும்பி வராது, அதனால் படமும் அளவும், எந்த விலங்கு என்பதும் முன்பே பதிவாகட்டும். ஆய்வகத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சுண்ணாம்பைக் கரைத்து, காரத்தில் மண்ணின் கறையைக் கழுவி, சூடாக்கி ஜெலட்டினாக்கி வடிகட்டுவார்கள். அப்புறம் முடுக்கி நிறை நிறமாலைமானி (AMS) என்ற, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவியில் கார்பன்-14 எண்ணப்படும்.

முடிவு வந்ததும் வயதுக்கு முன்னால் இரண்டு எண்களைப் பாருங்கள்: கொலாஜன் எலும்பின் எடையில் குறைந்தது 1 சதவீதம், கார்பன்-நைட்ரஜன் அணு விகிதம் 2.9 முதல் 3.6 வரை. இவை சரியில்லை என்றால் அந்தத் தேதியை நம்பாதீர்கள். சரி என்றால், அது 1950-இலிருந்து பின்னோக்கி எண்ணிய வருடம், இன்ட்கால்20 (IntCal20) என்ற, மரவளையம் போன்றவற்றை வைத்துத் தயாரித்த திருத்த வளைகோட்டில் போட்டுத்தான் நாட்காட்டி வருடமாக மாற்ற வேண்டும். மிச்சக் கொலாஜனைத் திருப்பித் தரச் சொல்லி முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள்.